முன்னால் போகிறவளின் கை

எனக்குக் காற்று என்றாலே ஆகாது. தயவுசெய்து அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். நன்றி. சைக்கிள் பந்தயக்காரிக்குக் காற்று ஆகாதா என்று நீங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது தெரிகிறது. மீன் விற்கிறவளுக்கு மீன் வாடை பிடிக்குமா என்ன? இத்தனை வருஷம் என்னோடு மல்லுக்கு நின்றது காற்று ஒன்றுதான். மற்ற எதிராளிகளெல்லாம் வந்தார்கள், தோற்றார்கள், கல்யாணம் பண்ணிக்கொண்டு போனார்கள். காற்று மட்டும் ஓய்வு பெறவே இல்லை.

உங்கள் விசாரணைக் குழு முன் நான் வந்தது கொடிக்காரர் விஷயமாக. வளைவில் மஞ்சள் கொடியோடு நின்ற அந்த மனுஷரை இனிமேல் எந்தப் பந்தயத்துக்கும் சேர்க்கக்கூடாது என்று முடிவெடுக்கப் போகிறீர்களாம். அவர் எச்சரிக்காததால்தான் என் தங்கை குழியில் விழுந்தாள் என்று ஊரே பேசுகிறது. கொடி வீசினேன் என்று அவர் எவ்வளவு சொல்லியும் யாரும் நம்பவில்லை, கடைக்குப் போனால்கூட அவரை ஒரு மாதிரி பார்க்கிறார்களாம். பந்தயம் முடிந்த அன்று நான் உங்களிடம் சொன்னதுதான் இதற்கெல்லாம் காரணம். கொடியும் இல்லை, விசிலும் இல்லை, குழியைச் சுற்றி அடையாளமும் இல்லை என்று சொன்னேன். அன்று எனக்கு அசதி. கையில் பூங்கொத்து வேறு. இன்று நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தேநீர் மட்டும் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். சர்க்கரை வேண்டாம்.

கொடியைப் பற்றி மட்டும் சொன்னால் போதும் என்கிறார் தலைவர். அப்படிச் சொன்னால் உங்களுக்குப் பாதிதான் புரியும் ஐயா. ரோட்டைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் டிராக்கிலிருந்து வர வேண்டும்.

நான் தொடங்கியது டிராக்கில். கிண்ணம் மாதிரி சரிந்த சிமென்ட் டிராக், அங்கங்கே விரிசல். அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நாங்கள் இருந்தது ஆறாவது மாடி. ஊர் லிஃப்டெல்லாம் அப்பா கைபட்டு ஓடும், எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் என்றைக்கும் படுத்தே கிடக்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறித்தான் இவளுக்குத் தொடை வந்தது என்று அம்மா பத்திரிகைக்காரர்களிடம் சொல்வாள். அப்பாவுக்குக் கோபம் வரும். அம்மா அதற்காகவே சொல்வாள்.

டிராக் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. அதில் இரண்டே பேர் மோதுகிற போட்டி ஒன்று உண்டு. பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றுமே விளங்காது. ஏனென்றால் இரண்டு பேரும் வேகமாகப் போகவே மாட்டோம். முன்னால் போகிறவள் காற்றைக் கிழித்துக் கிழித்துக் களைத்துப்போவாள். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவள் கடைசியில் சொகுசாக முந்திவிடுவாள். அதனால் ‘நீ முன்னால போ, நீ முன்னால போ’ என்று வாசலில் உபசாரம் பண்ணுகிற விருந்தாளிகள் மாதிரி, தரையில் கால் படாமல், சைக்கிளை அசையாமல் நிறுத்திக்கொண்டு நிற்போம். எதிராளி பொறுமை இழந்து நகர வேண்டும், அதுதான் கணக்கு. இதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு இறுதிப் போட்டியில் எதிரே நின்றவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. தும்மிய வேகத்தில் சைக்கிள் முன்னால் நகர்ந்துவிட்டது, பாவம். நான் சிரித்துக்கொண்டே அவள் பின்னால் ஒட்டிக்கொண்டேன், தங்கப் பதக்கத்தோடு வீட்டுக்கு வந்தேன். அந்த வயதிலேயே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. முன்னால் போகிறவளுக்கு உழைப்பு, பின்னால் வருகிறவளுக்குப் பதக்கம்.

டிராக்கில் ஜெயிக்க வேண்டியதையெல்லாம் ஜெயித்த பிறகு ரோட்டுக்கு வந்தேன். ரோட்டில் தனியாக ஒன்றும் நடக்காது. நாள் முழுக்க ஓட்ட வேண்டும். நமக்காக ஒருத்தி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும், கார் வரைக்கும் போய்த் தண்ணீர் பாட்டில்களை முதுகில் செருகிக்கொண்டு வர வேண்டும், நம் சக்கரம் போனால் தன் சக்கரத்தைக் கழற்றித் தர வேண்டும். அந்த ஒருத்தியாகத்தான் என் தங்கை வந்தாள்.

அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதிலிருந்து என் பின்னாலேயே சுற்றியதால் வந்த பெயர். ரோட்டுக்கு வந்த பிறகு அந்த வாலு தலைக்கு முன்னால் போய்விட்டது என்று அணியில் எல்லாரும் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எதற்குத்தான் சிரிக்க மாட்டாள் அவள். ஒரு பந்தயத்தில் என் சைக்கிளின் செயின் அறுந்துவிட்டது. அவள் இறங்கித் தன் சைக்கிளையே என்னிடம் தள்ளிவிட்டு, பஸ் ஏற்றிவிட வந்தவள் மாதிரி ரோட்டோரத்தில் நின்று கையாட்டினாள். நான் ஜெயித்தேன். அவள் யாரோ ஒரு காய்கறி வண்டிக்காரரிடம் இடம் கேட்டு முன்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தாள். மேடைக்குக் கீழே நின்று எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினது அவள்தான். அம்மா என் பதக்கங்களையெல்லாம் கண்ணாடி அலமாரியில் வைத்தாள். வாலுவுக்குக் கிடைத்த நினைவுப் பரிசுகளை, அதாவது அந்தத் தண்ணீர் பாட்டில்களை, சமையலறையில் பருப்பு போட்டு வைக்க எடுத்துக்கொண்டாள்.

இப்போது கை விஷயத்துக்கு வருகிறேன். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் எழுதிக்கொள்கிற தம்பிக்காகச் சொல்கிறேன். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவளுக்கு ரோடு தெரியாது. முன்னால் இருப்பவளின் முதுகுதான் தெரியும். அதனால் முன்னால் போகிறவள் கை காட்ட வேண்டும். குழி வலது பக்கம் என்றால் வலது கையை இறக்கி விரலால் தரையைக் காட்டுவாள், பின்னால் வருகிறவள் உடனே இடது பக்கம் ஒதுங்குவாள். இடது பக்கம் என்றால் இடது கை. ஏன், எதற்கு என்று யோசிக்க நேரம் இருக்காது. கை அசைந்தால் உடம்பு ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான். விரோதியாகவே இருந்தாலும் குழியைக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். இது பழக்கம்தான், விதி இல்லை. உங்கள் விதிப் புத்தகத்தில் கை காட்ட வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

வாலு கை காட்டினால் போதாது என்று வாயாலும் கத்துவாள். “குழி, அக்கா, இந்தப் பக்கம் வா” என்பாள். அவள் பின்னால் நான் எத்தனை மலை இறங்கியிருப்பேன், ஒருநாள்கூட ரோட்டைப் பார்த்ததில்லை. அவள் பிடரியில் ஒரு மச்சம் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவேன். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு இருக்கிற நிம்மதி எனக்கு இருந்தது.

அந்த நிம்மதி போனது ஒரு பயிற்சி நாளில். என் டயர் பஞ்சராகி, மாற்றுச் சக்கரமும் சரியில்லாமல், நான் அணி மேலாளரின் காரில் ஏறிக்கொண்டேன். வாலுவுக்கு அது தெரியாது, தனியாக மலை ஏறிக்கொண்டிருந்தாள். நாங்கள் பின்னாலேயே காரில் போனோம். அவள் ஏறின விதத்தை எப்படிச் சொல்வது? பாடிக்கொண்டே ஏறினாள் ஐயா. நிஜமாகவே பாட்டு. நான் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்குகிற அந்த ஏற்றத்தில் இவள் ஒரு சினிமாப் பாட்டை முழுசாகப் பாடி முடித்தாள். மேலாளர் வண்டி ஓட்டிக்கொண்டே என்னை ஒருதரம் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று மாலை விடுதி அறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் துணியையும் சேர்த்துத்தான். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டேன்.

“எத்தனை வருஷமாடி எனக்காக மெதுவா ஓட்டுற?”

அவள் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. “நீ பின்னால தங்கிடக் கூடாதுல்லக்கா” என்றாள். சொல்லிவிட்டு என் காலுறைக்கு ஜோடி தேட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். நான் கோபக்காரி இல்லை, கேட்டுப் பாருங்கள், யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணாடி அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு பதக்கமாக மனசில் எடுத்துப் பார்த்தேன். ரோட்டில் வாங்கியது ஒவ்வொன்றிலும் அவள் பாட்டு கேட்டது. என்னை யாராவது தோற்கடித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இவள் என்னை ஜெயிக்க வைத்திருக்கிறாள், அதுவும் இத்தனை வருஷமாக, போகிற போக்கில்.

பெரிய பந்தயத்துக்கு முன்னால் மேலாளர் எங்கள் இரண்டு பேரையும் காலை உணவு மேசையில் உட்கார வைத்துச் சொன்னார். இந்த முறை ஜெயிக்க வேண்டியது சின்னவள், முன்னால் போய் உழைக்க வேண்டியது பெரியவள். வாலுவுக்கு முகம் செத்துப்போயிற்று. வேண்டாம், அக்காவே ஓட்டட்டும், இது அக்காவுக்குக் கடைசிப் பந்தயமாகக்கூட இருக்கலாம் என்று அவரிடம் மன்றாடினாள். அதையும் எனக்கு முன்னால் வைத்தே சொன்னாள், பாருங்கள். நான்தான் சமாதானம் செய்தேன். “சும்மா இருடி. இவ்வளவு நாள் நீ எனக்குக் காத்து வாங்கினே, இனி நான் வாங்கறேன்” என்றேன். மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று அணியில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். அம்மா தொலைபேசியில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “யாராவது ஒருத்தி ஜெயிச்சா போதும், ரெண்டு பேரும் பத்திரமா வந்து சேருங்க” என்றாள்.

பந்தயத்துக்கு முந்தின நாள் கால் இளக்கிக்கொள்ளலாம் என்று நான் மட்டும் அந்தப் பாதையில் ஒருதரம் போய்வந்தேன். மலையிலிருந்து இறங்குகிற அந்த வளைவில்தான் கொடிக்காரரைப் பார்த்தேன். குந்தி உட்கார்ந்து குழியைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். இடது ஓரமாக, ஒரு சோற்றுப் பானையை வைக்கிற அளவுக்குக் குழி. ஓய்வு பெற்ற பஸ் டிரைவராம். என்னை அடையாளம் தெரிந்ததும் பெயின்ட் கையோடு எழுந்து நின்றுவிட்டார். பிரேக் இல்லாத சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருவோமே, அது எப்படி, காலம் முழுக்கப் பிரேக்கை மிதித்தே பிழைத்தவனுக்கு அதை நினைத்தாலே கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது என்று கேட்டுச் சிரித்தார். சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டோம். குழியை அடைக்கச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தும் ஆள் வரவில்லை, அதனால் தன் வீட்டுக் கதவுக்கு வாங்கின பெயின்ட்டையே கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னார்.

“முன்னால வர்றவங்க கண்ணுல இது படாமப் போகாதும்மா. நானும் கொடியோட இங்கயே நிக்கிறேன்” என்றார்.

உண்மைதான், அருமையான வட்டம், விபத்துக்குப் பிறகு அவசரமாகத் தார் போட்டு மூடிவிட்டதால் நீங்கள் பார்க்கவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும் போல இருந்தது. அவர் பெயின்ட் டப்பாவை மூடிக்கொண்டு கிளம்பிய பிறகு, மேலே ஏறிப்போய் அந்த வளைவில் இரண்டு மூன்று தடவை இறங்கிப் பார்த்தேன். குழிக்குப் பக்கத்தில், மிக நெருக்கமாக. சும்மாதான். ஒரு ரோட்டைப் பார்த்தால் ஓட்டிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம்.

பந்தயத்தன்று எல்லாம் மேலாளர் சொன்னபடியே நடந்தது. நான் அவ்வளவு நன்றாக வேலை செய்தேன். ஏற்றத்தில் முடிந்த மட்டும் இழுத்தேன். கடைசி ஏற்றத்தில் என்னால் முடியாதபோது வாலு என்னை விட்டுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. உச்சியில் தண்ணீர் குடிக்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டு நின்றாள். நான் வந்து சேர்ந்ததும், “வாக்கா, நீ இல்லாம எறக்கம் எனக்கு பயமா இருக்கு” என்றாள். பொய். ஆனாலும் எனக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள். மற்றவர்கள் வெகு தூரம் பின்தங்கியிருந்தார்கள். படம் எடுக்கிற மோட்டார் சைக்கிளும் அவர்களோடு நின்றுவிட்டது. மலையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இறங்கினோம். நல்ல வேகம். காற்று முழுக்க என் நெஞ்சில் வந்து அறைந்தது. பின்னால் அவள் பாடிக்கொண்டு வருகிறாளா என்று காது கொடுத்துப் பார்த்தேன். பாடவில்லை. வளைவுக்கு முன்னாலேயே கொடிக்காரர் விசில் ஊதினார். கொடியை வீசின வீச்சில் தோள்பட்டை கழன்றிருக்கும். வெள்ளை வட்டம் தட்டு மாதிரிப் பளிச்சென்று இருந்தது. எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அன்று உங்களிடம் இல்லை என்று சொன்னது தவறு. அந்த மனுஷர் தன் வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்தார், தயவுசெய்து அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசட்டும், எனக்குக் கவலையில்லை. ஆனால் ஓர் அப்பாவியின் வயிற்றில் அடித்தவள் என்ற பேச்சு மட்டும் வரக்கூடாது.

குழிக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் நான் போனேன். கை காட்டவில்லை. பின்னால் சத்தம் கேட்டது. காதில் மாட்டியிருந்த கருவியில் மேலாளர் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் நின்றுவிட்டால் யாருக்கு என்ன லாபம்? யாராவது ஒருத்தி ஜெயித்தால் போதும் என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் ஜெயித்தேன். ரோட்டில் எனக்கு முன்னால் யாருமே காற்று வாங்காமல், தனியாக, என் காலால் ஜெயித்த முதல் பந்தயம் அது. கண்ணாடி அலமாரியில் அதை நடுவில் வைத்திருக்கிறேன்.

தேநீர் வந்துவிட்டது, நன்றி. நீங்கள் யாரும் எடுத்துக்கொள்ளவில்லையா?

தங்கை கொடுத்த வாக்குமூலம் வேறு மாதிரி இருக்கிறதே என்று தலைவர் கேட்கிறார். அது எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரியில் அவள் உங்களிடம் பேசியபோது நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். “அக்கா கை காட்டினாங்க. எந்தப் பக்கம்னு நான்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன் போல” என்றாள். தலையில் அடிபட்டதால் குழம்பிப்போய்ச் சொல்கிறாள் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். அவள் தலைக்கு ஒன்றும் இல்லை ஐயா. அடி முதுகெலும்பில். வாலுவுக்குப் பொய் சொல்ல வராது, என்னிடம் சொன்னது தவிர. அவள் சொன்னதையும் சேர்த்துச் சரியாகவே எழுதிக்கொள்ளுங்கள், பாதி உண்மை பேசுவது எனக்கும் பிடிக்காது. நான் கை காட்டினேன். குழி இடது பக்கம் இருந்தது. நான் வலது கையை இறக்கி, வெறும் ரோட்டை விரலால் நன்றாகக் காட்டினேன். அவள் நொடிகூட யோசிக்கவில்லை. உடனே இடது பக்கம் ஒதுங்கினாள்.

ஏன் எல்லாரும் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள்? அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம், அம்மாவும் நானும்தான் பார்த்துக்கொள்கிறோம். இப்போது கீழ்த்தளத்து வீடு, லிஃப்ட் தொல்லைகூட இல்லை. சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், என்னால் உனக்குத்தான்க்கா கஷ்டம் என்கிறாள். சாயங்காலம் ஆனால் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ஏரிக்கரை வரைக்கும் நான்தான் தள்ளிக்கொண்டு போகிறேன். எதிரே குழி வந்தால் பழக்க தோஷத்தில் அவள் கையை இறக்கி எனக்குக் காட்டுகிறாள். ஏரிப் பக்கம் எப்போதும் பலத்த காற்று. ஆனால் பழையபடி அவள் முன்னால், நான் பின்னால் என்பதால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.